மொச்சையின் சூப்பி

மலையடிவாரக் காட்டில் மொச்சை என்றொரு கரடிக்குட்டி வளர்ந்தது. அது பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஏனென்றால் அதன் வாயில் எந்நேரமும் ஒரு சூப்பி இருக்கும்.

அந்தச் சூப்பியைக் கொடுத்ததே அதன் அம்மா சடைச்சிதான். கைக்குழந்தையாக இருந்தபோது மொச்சை ஓயாமல் அழும். சடைச்சி கறையான் புற்றைத் தோண்டப் போனால் அழும். இலந்தைப்பழம் பொறுக்கக் குனிந்தால் அழும். ஒருநாள் சடைச்சி ஆலம் விழுதின் இளம் நுனியை ஒடித்து அதன் வாயில் வைத்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது!

"அப்பாடா! இது முன்னாடியே தெரியாமப் போச்சே!" என்றது சடைச்சி.

அதன்பிறகு குட்டி பசியில் சிணுங்கினாலும் சூப்பி. இடிக்குப் பயந்தாலும் சூப்பி. "அம்மா, அது என்ன?" என்று கேட்க வாயைத் திறந்தாலும் சூப்பி. சடைச்சிக்கு வேலை தடையில்லாமல் நடந்தது.

குட்டி வளர்ந்தது. பல் முளைத்தது. நகம் கூர்மையானது. முதுகில் ஏறினால் சடைச்சிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு எடையும் கூடியது. சூப்பி மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

"மொச்சை, தண்ணி வேணுமா?"

"உம்ம்ப்!"

"வேண்டாமா?"

"உம்ம்ப்!"

கிச்சான் என்ற குரங்கு கிளையில் தொங்கியபடி இதைக் கேட்டுச் சிரித்தது. "சடைச்சியக்கா! உங்க பையன் கல்யாணத்துக்கு மாலையோட ஒரு சூப்பியும் கட்டச் சொல்லிடட்டுமா?"

சடைச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முத்தாயி என்ற முள்ளம்பன்றியிடம் போய் யோசனை கேட்டது. "இது ஒரு பெரிய விஷயமா? சூப்பியில நிலவேம்புச் சாறைத் தடவு. அன்னிக்கே விட்டுடுவான். என் பிள்ளைங்க எல்லாம் அப்படி வளர்ந்ததுங்கதான்!" என்றது முத்தாயி.

சடைச்சி தடவியது. மொச்சை வாயில் வைத்தது, முகத்தைச் சுளித்தது, துப்பியது. பிறகு சூப்பியை ஓடைக்கு எடுத்துப்போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டது. அதுவரை தன் முகத்தைக்கூடக் கழுவியறியாத குட்டி!

"கவலைப்படாதீங்க அக்கா. நான் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றது கிச்சான். மொச்சை தூங்கும்போது சூப்பியை மெல்ல உருவிக்கொண்டு மலை உச்சிக்குப் போய்விட்டது.

மொச்சை கண் விழித்தது. வாயைத் தடவிப் பார்த்தது. பிறகு ஒரு கத்து கத்தியது பாருங்கள், மேய்ந்துகொண்டிருந்த மான்கள் எல்லாம் புலி வந்துவிட்டதென்று ஓடின! மயில்கள் அலறின. கிச்சானின் சொந்தக் குட்டிகளே அழத் தொடங்கின. பொழுது சாய்வதற்குள் கிச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"இந்தாங்க அக்கா, உங்க சூப்பி! எனக்கு இனிமே சோறு கிடையாதுன்னு எங்க வீட்ல சொல்லிட்டாங்க!"

கோடை முற்றியது. அந்தப் பக்கத்துப் புற்றுகள் எல்லாம் காலியாகிவிட்டன. ஆற்றைக் கடந்தால்தான் இனி வயிறு நிறையும். மேலே மலையில் மழை பெய்திருந்ததால் ஆற்றில் செம்மண் வெள்ளம் சுழித்து ஓடியது. சடைச்சி மொச்சையை முதுகில் ஏற்றிக்கொண்டது.

"ரெண்டு கையாலயும் என் முடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும், தெரியுதா?"

"உம்ம்ப்!" என்றது மொச்சை. ஒரு கையால் முடியைப் பிடித்தது. இன்னொரு கை சூப்பியைப் பிடித்திருந்தது.

நடு ஆற்றில் சடைச்சியின் கால் பாறையில் வழுக்கியது. முதுகு ஒரு குலுங்கு குலுங்கியது. சூப்பி தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. மொச்சை அதைப் பார்த்தது. அவ்வளவுதான், பொத்தென்று குதித்துவிட்டது!

முதுகு லேசானதும் சடைச்சி திரும்பிப் பார்த்தது. "மொச்சை! டேய், மொச்சை!"

ஒரு சிறிய கறுப்புத் தலை நீரில் அமிழ்ந்தது, எழுந்தது, மறுபடி அமிழ்ந்தது. சடைச்சி வெள்ளத்தோடு பாய்ந்தது. பாறையில் தோள் மோதியது அதற்குத் தெரியவே இல்லை. கடைசியில் குட்டியின் காது வாயில் அகப்பட்டது. அப்படியே கவ்விக்கொண்டு அக்கரையில் ஏறியது.

மொச்சை மணலில் அசையாமல் கிடந்தது. சடைச்சி அதன் வயிற்றை மூக்கால் முட்டி முட்டிப் பார்த்தது. குட்டி இருமியது, தண்ணீரைக் கக்கியது, கண்ணைத் திறந்தது. பிறகு மூடியிருந்த கையை விரித்தது. உள்ளே சூப்பி! எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

சடைச்சிக்கு வந்த கோபத்தில் கை தானாக ஓங்கியது. அப்போதுதான் குட்டியின் உடம்பு வெடவெடவென்று நடுங்குவதைக் கவனித்தது.

'பயந்தால் இதைக் கடித்துக்கொள் என்று பழக்கியது யார்? நான்தானே!'

ஓங்கிய கை மெதுவாக இறங்கி மொச்சையை இழுத்து அணைத்துக்கொண்டது.

"பயந்துட்டியா?"

"உம்ம்ப்."

"நானும்தான்டா."

மறுநாள் காலையில் சடைச்சி ஒரு பெரிய புற்றைக் கண்டுபிடித்தது. முன்பெல்லாம் குட்டியைச் சூப்பியோடு நிழலில் உட்காரவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அன்று, "வா, நீயும் தோண்டு!" என்று கூப்பிட்டது.

"முதல்ல நகத்தால உடை. அப்புறம் மண்ணை ஊது. அப்புறம் உறிஞ்சு. இப்படி, உஃப்! சுர்ர்ர்!"

மொச்சை சூப்பியோடு ஊதிப் பார்த்தது. காற்று மூக்கு வழியாக வந்து மண் முழுவதும் கண்ணில் விழுந்தது. சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. 'அதை எடுடா' என்று மட்டும் சொல்லவில்லை.

மொச்சை சூப்பியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டது. தோண்டக் கையைத் தூக்கினால் விழுந்தது. எடுத்து இடுக்கினால் மறுபடி விழுந்தது. கடைசியில் புற்றின் ஓரமாக அதை வைத்தது.

"யாரும் தொடக் கூடாது!" என்றது. அதன் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு பேச்சு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது!

"சத்தியமா நான் தொடமாட்டேன்" என்றது சடைச்சி.

உஃப்! சுர்ர்ர்! "அம்மா! நாக்கு மேல ஓடுது!"

"ஓடவிடாதே, கடி!"

இரண்டும் வயிறு முட்டத் தின்றன. வெயில் ஏறியதும் மரநிழலுக்குப் போய்ப் படுத்தன. தூக்கம் கண்ணைச் சுற்றும்போதுதான் மொச்சைக்கு நினைவு வந்தது.

"என் சூப்பி!"

சடைச்சி பழக்கத்தில் எழுந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் திரும்பவும் உட்கார்ந்தது. "வெயில் தாழட்டும். ரெண்டு பேரும் போய் எடுக்கலாம். அதுவரைக்கும் என் வயித்து மேல படு."

மொச்சை அழுதது. சடைச்சி அதட்டவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அழுகை விசும்பலாகக் குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, ஆறு எங்க போகுது?"

"கீழே போகுது."

"கீழேன்னா எங்க?"

சடைச்சி சொல்லத் தொடங்கியது. கடல் வருவதற்குள் மொச்சை தூங்கிவிட்டது.

கண் விழித்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவும் மொச்சை அம்மா வயிற்றின் மேலேயே தூங்கியது. மறுநாள் விடிந்த பிறகுதான் புற்றுக்குப் போக முடிந்தது. சூப்பி வைத்த இடத்தில் ஒரு சின்ன மண்மேடு இருந்தது. மொச்சை நகத்தால் கீறியது. உள்ளே வெறும் பட்டைத்தோல். தொட்டதும் பொடிந்துபோனது.

"அம்மா! இந்தக் கறையானுங்க என் சூப்பியைத் தின்னுடுச்சுங்க!"

அதன் கீழ் உதடு துடித்தது. சடைச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மொச்சை கையிலிருந்த பொடியைப் பார்த்தது. புற்றைப் பார்த்தது. அழுகைக்கு முன்னால் கோபம் முந்திக்கொண்டது.

"அப்போ நான் இதுங்களைத் தின்னுடுவேன்!"

புற்றுக்குள் மூக்கை நுழைத்தது. உஃப்! சுர்ர்ர்!

அதற்குப் பிறகு மொச்சையின் வாய் ஓயவே இல்லை. மழை ஏன் நனைக்கிறது, மீன் எப்போது தூங்கும், முள்ளம்பன்றிக்கு முதுகு அரித்தால் யார் சொறிந்துவிடுவார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. சடைச்சியால் ஒரு புற்றை முழுதாகத் தோண்ட முடியவில்லை. சில சமயம் அதற்குத் தலையே கிறுகிறுத்தது. ஆனாலும் குனிந்து குட்டியின் முகத்தைப் பார்த்து, "எனக்கும் தெரியலடா, வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று கூடவே நடந்தது.

குழந்தையின் வாயை அடைக்க ஒரு பொருளைக் கொடுத்துப் பழக்கியவர்கள், அதை விடவைக்கத் தங்கள் நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும்.