அத்தை கொண்டு வந்த பேரு

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தாங்களாம். ஊருன்னா நம்ம பொள்ளாச்சி மாதிரி வெயிலடிக்கிற ஊரு இல்ல கண்ணு, ஜெர்மனியில, வருஷத்துல பாதி நாளு சிணுசிணுன்னு தூறிக்கிட்டே கிடக்குற ஊரு. அந்த அத்தை பேரு ஸில்கே. நல்ல ஒசரம், வாசப்படியில குனிஞ்சுதான் நுழைவாங்க. டிராம் வண்டி ஓட்டுறதுதான் வேலை. டிங் டிங், டிங் டிங்னு மணியடிச்சுக்கிட்டு ஊரையே சுத்தி வருவாங்களாம். ம் போடுறியா? போடலேன்னா வண்டி நின்னுரும்.

"ம்."

அந்த ஸில்கேவுக்கு ஒரே ஒரு தம்பி, யென்ஸ். அவன் பொள்ளாச்சிப் பொண்ணு சுகன்யாவைக் கட்டிக்கிட்டான். அப்புறம் ஸில்கே ஒத்தையாளு. வீட்டுல மேசைக்கு ஒரே நாற்காலி. 'தம்பிக்குன்னு ஒரு குடும்பம் ஆயிருச்சு, இனி நம்மள யாரு தேடப் போறாங்க'ன்னு ஒரு நெனப்பு. யாருகிட்டயும் சொல்லல, உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் சுகன்யாவுக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. குவா குவா குவா. ஒரு வீட்டுல அழுதா மூணு வீட்டுக்குக் கேக்கும். சுகன்யா ஸில்கேவுக்கு போன் பண்ணி, "அண்ணி, எங்க வழக்கத்துல அத்தைதான் குழந்தை காதுல பேரு சொல்லணும். பேரையும் நீங்களே பாருங்க. ஒரு மாசத்துக்குள்ள ஆபீசுல எழுதித் தரணும்"னு சொன்னா.

ஸில்கேவுக்கு வந்த சந்தோஷத்துல மறுநாள் ஒரு ஸ்டாப்பையே தாண்டிப் போயிட்டாங்க. இருபது வருஷத்துல அதுதான் முதல் தடவை. ஏற வேண்டிய தாத்தா ஒருத்தரு குடையை ஆட்டிக்கிட்டு பின்னாலயே ஓடி வந்தாராம், தடதட தடதடன்னு.

"ம்... அப்புறம்?"

பேரு மனசுல தயாராவே இருந்துச்சு. கெர்ட்ரூட். அது அவங்க பாட்டி பேரு. அம்மா இல்லாத ரெண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினது அந்தப் பாட்டிதான். இந்தக் காலத்துல அங்க யாரும் அந்தப் பேரு வெக்கிறதில்ல. இருந்தா என்ன, ஸில்கேவுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே சூடா சூப் குடிச்ச மாதிரி இருக்குமாம்.

அப்போ வந்தாரு பாரு, சுகன்யாவோட அப்பா ஆறுச்சாமி. பேத்தியைப் பாக்க பிளேன் ஏறி வந்த மனுசன், யாரைப் பாத்தாலும் பேரைக் கேப்பாரு. சொன்ன உடனே, "அதுக்கு என்ன அர்த்தமுங்க?"ம்பாரு. பார்சல் குடுக்க வந்தவனைக்கூட விடல. அவன் முழிச்சுட்டு, கையெழுத்து வாங்காமயே ஓடிட்டான். அந்த ஊர்ல பேருக்கு அர்த்தம் யாரு கேக்குறா?

ஸில்கேகிட்டயும் கேட்டாரு. "தெரியாது"ன்னாங்க. "அட, பரவால்லீங்க அம்மணி. பாப்பா பேருக்கு மட்டும் அர்த்தம் தெரிஞ்சு வெச்சுருவோம். நாளைக்கு அவ கேட்டா சொல்லோணுமில்ல?"ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா ஸில்கேவுக்கு கெர்ட்ரூட்டுக்கும் அர்த்தம் தெரியாதே.

நேரா நூலகத்துக்குப் போயி, செங்கல்லு தண்டிக்கு ஒரு பேரு புத்தகத்தை எடுத்து, கெர்ட்ரூட்டைத் தேடினாங்க. என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? ஈட்டி. ஈட்டியும் பலமும். 'ஐயோ, பச்சப் பிள்ளைக்கு ஈட்டியா! அந்தப் பெரியவரு என்ன நெனப்பாரு'ன்னு டப்புனு மூடிட்டாங்க.

அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு, மறுபடி திறந்தாங்க. பாட்டிக்கு ரெண்டு தங்கச்சி. ஒருத்தி ஹெட்விக். அதுக்கு என்ன? சண்டை. ஒரு சண்டை பத்தாதுன்னு, முன்பாதியும் சண்டை, பின்பாதியும் சண்டை. டப். இன்னொருத்தி மாட்டில்டே. அதுக்கு என்ன? சண்டையில பலசாலி. டப். 'எங்க வீட்டுக் கிழவிங்க உருளைக்கிழங்கு உரிச்சதைத்தான் பாத்தேன், எந்தப் போருக்கு எப்பப் போனாங்க'ன்னு ஸில்கேவுக்கு ஒண்ணும் புரியல.

நாலாவதா ஒரு பேரு கெடைச்சுது. ஃப்ரீடா. அதுக்கு என்ன அர்த்தம்? சமாதானம்.

"ம்."

நல்ல அர்த்தம்தான? யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பேருல வீட்டுல யாரும் இருந்ததில்ல. இரவல் சட்டை மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் ஸில்கே சரின்னுட்டாங்க. தேடி வந்த உறவு, ஒரு ஈட்டியால போயிரக் கூடாது பாரு. டிராம் ஓட்டும்போதெல்லாம் 'ஃப்ரீடா, ஃப்ரீடா'ன்னு சொல்லிச் சொல்லிப் பழகினாங்க.

அப்புறம் பேரு வெக்கிற நாளும் வந்துச்சு. தொட்டில் கட்ட விட்டத்துல கொக்கி இல்ல. அப்போ ஆறுச்சாமி வீட்டையே ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, யென்ஸ் தொங்கித் தொங்கி உடம்பு வளக்குற கம்பியில சீலைத் தொட்டில் கட்டிட்டாரு. ஆறுச்சாமிகூடப் பிளேன்ல வந்திருந்த நான், அடுப்படியில கேசரி கிண்டிக்கிட்டே எட்டி எட்டிப் பாத்தேன். ஸில்கே புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க.

பாப்பா வீல்வீல்னு கத்துது. ஸில்கே குனிஞ்சு, காது பக்கத்துல ஒரு வெத்தலையை மறைச்சுப் பிடிச்சாங்க. 'ஃப்ரீ...'ன்னு வாயெடுத்தாங்க, வரல. அந்தக் காது இருக்கே, கோலி அளவுகூட இல்ல. அதுல போயி மனசுல இல்லாத பேரை எப்படிச் சொல்றது?

அப்போ தானா வந்துச்சு.

"கெர்ட்ரூட். கெர்ட்ரூட். கெர்ட்ரூட்."

பாப்பா கத்துறதை நிறுத்திருச்சு. நீ நம்பலேன்னா போ, நான் பாத்தேன்.

யென்ஸ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனுக்கும் அது பாட்டி பேருதான? அப்போ ஆறுச்சாமி கேட்டாரு, "என்ன அர்த்தமுங்க அம்மணி?"

ஸில்கே நெனைச்சிருந்தா 'ரோசாப்பூ'ன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாம். யாரு போயி புத்தகத்தைப் புரட்டப் போறா? ஆனா சொல்லல. "ஈட்டி. ஈட்டியும் பலமும். எங்களை வளர்த்த பாட்டி பேரு. மன்னிச்சுக்கங்க"ன்னாங்க. சுகன்யா அதைத் தமிழ்ல சொன்னா.

ஆறுச்சாமி பாப்பா முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. கேசரி அடிப்பிடிக்கிற வாசம்கூட வந்துருச்சு, நான் அசையல. ஸில்கே கண்ணு கதவுப் பக்கம் போகுது. எல்லாம் போச்சு, இனி நம்மளக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனைச்சுட்டாங்க.

அப்போ அந்த மனுசன் தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறாரு.

"எங்கம்மா பேரு வேலாயிங்க. வேலுன்னா ஈட்டி. கையில வேலோட நிக்கிற எங்க முருகனை நெனைச்சு வெச்ச பேரு. பேத்திக்கு அதைத்தான் வெக்கோணும்னு ஊர்ல இருந்து வரும்போதே ஆசை. ஆனா பேரு வெக்கிறது அத்தையோட பாத்தியதை, நான் கேக்கக் கூடாதுன்னு வாயைத் திறக்கல."

சுகன்யா அழுதுக்கிட்டே அதை ஸில்கேவுக்குச் சொன்னா. கேட்டுட்டு அந்த ஒசரமான அத்தை அப்படியே தரையில உக்காந்து, கேவிக் கேவி அழுதாங்க. ஆறுச்சாமியும் பக்கத்துல உக்காந்தாரு. அவரு தமிழ்ல அவங்கம்மா கதையைச் சொல்றாரு, அவங்க ஜெர்மன்ல பாட்டி கதையைச் சொல்றாங்க. ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியல. ஆனா ரெண்டு பேரும் 'ம்' போட்டாங்க, உன்ன மாதிரியே.

"ம்..."

அப்புறம் ஆபீசுல கெர்ட்ரூட்னு எழுதிக் குடுத்தாச்சு. கூப்பிடுறது ட்ரூடி. அப்புச்சி ஆறுச்சாமி போன்ல கூப்பிட்டா மட்டும் வேலாயி. ஸில்கே அத்தை வீட்டு மேசைக்கு ரெண்டாவது நாற்காலி வந்துச்சு, அதுல உக்காந்தா கால் தரையில எட்டாது, குட்டி நாற்காலி.

அந்தப் பாப்பாவுக்கு இப்ப அஞ்சு வயசு. இந்தப் பெரியம்மா பல்லு விளக்கச் சொன்னா மட்டும் ஈட்டியைத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வருவா. மத்தபடி தங்கமான பிள்ளை. இந்தா, போர்வைக்கு வெளிய ஒரு காலை நீட்டிக்கிட்டுக் கிடக்குறா பாரு. ஏண்டி ட்ரூடி, ம் எங்க?

...சரி. கதையும் போர்வைக்குள்ள போயிருச்சு, காலை உள்ள இழு, தூங்கு சாமி.