கும்பிட வந்த மீன்கள்

மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரையும் வளர்க்கிற பண்ணை வைத்திருந்தார் பொன்னுரங்கம். மனிதருக்கு வாரம் ஒரு ஆராய்ச்சி. ஒரு வாரம் தொட்டிக்குப் பாட்டுப் போட்டார். அடுத்த வாரம் செம்புக் கம்பியை முக்கினார். எல்லாம் மீன் சீக்கிரம் கொழுக்கணுமாம்! கடைசியில் தண்ணீர்க் குழாயில் ஒரு காந்தத்தைக் கட்டிவிட்டு, தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டாரை நிறுத்தியே விட்டார்.

மத்தியானத்துக்குள் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"மீனுக்கு மூச்சு முட்டுதுங்க மொதலாளி, மோட்டாரைப் போடுங்க!" என்று கத்தினாள் பண்ணையில் வேலை பார்க்கிற வேலாத்தாள்.

"உனக்கென்ன புள்ள தெரியும்? காந்தம் காத்தை இழுக்குது. மீனெல்லாம் சந்தோசத்துல என்னைக் கும்பிட வருது. மோட்டார் மேல கை வெச்சீன்னா வேலை போயிரும்!"

இந்த மனிதரோடு யார் மாரடிப்பது? சாப்பிட்டுவிட்டு அவர் தகரக் கொட்டகைக்குள் குறட்டை விட ஆரம்பித்ததும், வேலாத்தாள் குழாயிலிருந்த காந்தத்தை அவிழ்த்து வந்து அவர் தலைமாட்டில் ஓடிய மேசை ஃபேனில் கட்டினாள். ஃபேனை நிறுத்தினாள். கதவையும் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கம் வேர்த்து விறுவிறுத்து, வாயைப் பிளந்துகொண்டு வெளியே ஓடி வந்தார்.

"ஃபேனை நிறுத்துனது யாரு?"

"நானுங்க. காந்தந்தான் காத்தை இழுக்குமேன்னு கட்டி விட்டேனுங்க."

"மூச்சு முட்டிச் செத்திருப்பேன் புள்ள!"

"அப்படிங்களா? வாயைப் பிளந்துட்டு வந்தீங்களா, என்னைக் கும்பிடத்தான் வர்றீங்கன்னு நெனச்சேனுங்க."

பொன்னுரங்கம் வாயை மூடினார். அவரே போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீரில் குமிழி கிளம்பியதும், மீன்கள் கும்பிட்டது போதுமென்று கீழே போய்விட்டன.