வலையில் விழுந்த மந்திரி

சிப்பிக்குடா ராஜ்யத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் மீனுக்கும் ஓய்வு. அன்றைக்கு எவனும் வள்ளம் இறக்கக் கூடாது. பூசைக்குப் போக வேண்டும், மத்தியானம் தூங்க வேண்டும். ராஜா கஸ்பாருடையார் போட்ட சட்டம் அது. போட்டவர் ராஜா என்றாலும், அதைக் கட்டிக்கொண்டு அழுதவர் மந்திரி வஸ்தியாம் பிள்ளைதான். அடடா, என்ன பக்தி! சர்வேசுரனே பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைவாளுக்கு அது போதவில்லை!

ஒரு ஞாயிறு, ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்க, இவர் மட்டும் துறைக்குப் போனார். எவனாவது திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போய் வந்திருக்கிறானா என்று ஒவ்வொரு வள்ளமாகக் குனிந்து, வலை ஈரமாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். கடைசி வள்ளத்தில் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டார். தொபுக்கடீர்! நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டு போனது.

துறையில் அப்போது இருந்தவன் மீன்பிடிக்கிற இன்னாசி ஒருத்தன்தான். சட்டென்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். கையைப் பிடிக்கலாம் என்றால் மந்திரி நாலா பக்கமும் கைகாலை உதறுகிறார். வேறு வழியில்லாமல் வலையை வீசி, வாரிச் சுருட்டிக் கரையில் போட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மந்திரியின் மீசையில் ஒரு நெத்திலி தொங்கிக்கொண்டிருந்தது.

உயிர் பிழைத்த மனுஷன் என்ன செய்ய வேண்டும்? கும்பிட வேண்டும். இவரோ மறுநாளே இன்னாசியைச் சபைக்கு இழுத்துவந்தார். ஊர் சிரித்ததை அவரால் செரிக்க முடியவில்லை.

"மகாராஜா, இவன் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்கினான். நானே என் கண்ணால பார்த்தேன்!"

"தண்ணிக்குள்ள இருந்துதானே ஓய் பார்த்தீர்?" என்றார் ராஜா.

"எங்கிருந்து பார்த்தா என்ன? சட்டப்படி வள்ளத்தை எரிக்கணும்."

இன்னாசி ஆடிப்போனான். "ராசா, அந்த வள்ளம்தான் எங்க வீட்டுச் சோறு. அதை எரிச்சா என் பிள்ளைகளோட நான் எங்க போவேன்?"

ராஜாவுக்கு மனசு இளகியது. "ஓர் உயிரைக் காப்பாத்தினது நற்கிரியை இல்லையா?"

"நல்லது செஞ்சா குத்தம் போயிடுமா? அப்போ திருட்டுப் பயல் எல்லாம் ரெண்டு மெழுகுவத்தி கொளுத்திட்டுத் தப்பிச்சிடுவான்."

"சரி, கொஞ்சம் கிருபை காட்டலாமே?"

"கிருபை எல்லாம் மோட்சத்துல, மகாராஜா. இங்கே காட்டினா எவன் சட்டத்துக்குப் பயப்படுவான்?"

ராஜா கையைப் பிசைந்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுவதா? பாவமாகச் சந்தியாகுவைப் பார்த்தார். சந்தியாகு அந்தச் சபையில் வாய்த்துடுக்குக்கென்றே சம்பளம் வாங்குகிறவன்.

"மந்திரியார் சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்று எழுந்தான் சந்தியாகு. "வள்ளத்தை எரிச்சிடுவோம்."

இன்னாசிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மந்திரிக்கு வாயெல்லாம் பல்.

"ஆனா பிள்ளைவாள், சட்டத்தைப் பாதியில விடலாமா? ஞாயிற்றுக்கிழமை வலையில பட்டதை என்ன செய்யணும்?"

"இதுகூடத் தெரியாதா? அப்படியே திருப்பிக் கடல்ல போடணும்!"

"ஒண்ணே ஒண்ணைக்கூட வச்சுக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது! ஒரு செதில் கரையில தங்கினாலும் பாவம்!"

"யாரங்கே! மந்திரியாரைக் கைத்தாங்கலாப் பிடிங்க. எடுத்த இடத்துலயே போடணும். கொஞ்சம் ஆழம்தான், பார்த்துப் போங்க."

சபை கொல்லென்று சிரித்தது. இரண்டு சேவகர்கள் ஆசையாக நெருங்கினார்கள். மந்திரியிடம் திட்டு வாங்காத சேவகன் அந்த அரண்மனையில் ஏது?

"ஐயோ மகாராஜா! எனக்கு நீச்சல் தெரியாது! கிருபை காட்டுங்க!"

"கிருபை மோட்சத்துலன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றான் சந்தியாகு. "அங்கே போக வழிதான் பண்றோம்."

"விட்டுடு சந்தியாகு! அவன் வள்ளம் இறக்கினது குத்தமே இல்லை! போதுமா?"

"காதுல விழலை."

"குத்தமே இல்லைய்யா!"

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வள்ளம் தப்பியது. இன்னாசிக்குப் புது வலை ஒன்று கொடுக்கச் சொல்லி, அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. விழுந்தது இவர்னு தெரிஞ்சுமா போய்த் தூக்கினே?"

"யாருன்னு எங்க ராசா பார்த்தேன்? தண்ணிக்கு மேல ஒரு கை தெரிஞ்சுது. போயிட்டேன்."

ராஜாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது. "ஏன் சந்தியாகு, மனுஷனுக்கு ரட்சிப்பு அவன் செஞ்ச நற்கிரியையாலயா, சர்வேசுரன் கிருபையாலயான்னு சாமியார்கள் காலங்காலமா மண்டையை உடைச்சுக்கிறாங்களே. நம்ம மந்திரி எதனால பிழைச்சார்?"

சந்தியாகு மந்திரியை மேலும் கீழும் பார்த்தான்.

"கிருபையாலதான் மகாராஜா, சந்தேகமே வேண்டாம். பிள்ளைவாள் செஞ்ச நற்கிரியை ஏதாவது உண்டான்னு காலையிலிருந்து ஊரெல்லாம் விசாரிச்சுட்டேன். ஒண்ணுகூட அகப்படலை!"