கோமதியம்மாளின் கற்றாழைக் கன்று

கோமதியம்மாள் அன்று மடத்துக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். தோளில் பை. கையில் முறுக்கு டப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி, திருநீறு குடுங்க! கோயம்புத்தூருக்குப் புறப்பட்டுட்டேன். சங்கரியக் கூட்டிட்டு வரப் போறேன்!"

மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கோமதியம்மாளின் மூத்த மகனைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு. காலையில் வந்து விளக்கேற்றிக் கும்பிட்டு, அவரிடம் ஒரு சந்தேகமாவது கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

சங்கரி அவளுடைய கடைக்குட்டி. நர்ஸ் படிப்பு முடித்து, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் தங்கல். போன் போட்டு அழுவாள். அவள் அழுத மறுநாளே அம்மா பஸ் ஏறிவிடுவாள். இப்படி ரெண்டு தடவை கூட்டி வந்தாயிற்று. இன்னொரு தடவை பாதியில் கிளம்பினால் வேலைக்குத் திரும்பி வரவே வேண்டாம் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார்.

"வேலை போனா போகுது சாமி. பிள்ளை அழுதா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. போயிட்டு வரட்டா?"

சாமி ஜன்னலோரம் இருந்த கற்றாழைத் தொட்டியை முன்னால் இழுத்து வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சே சாமி!"

"பிடிங்க."

பிடித்தாள். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடி மடல்கள் பழுத்துத் தொங்கின. சாமி கத்தியை எடுத்து ஒரு மடலை அடியோடு அறுத்தார். மஞ்சளாகப் பால் வடிந்தது.

"ஐயோ, காஞ்ச நுனியை மட்டும் நறுக்கினா போதாதா?"

"நுனியை நறுக்கினா மிச்சமும் காயும். எடுத்தா அடியோட எடுக்கணும்."

அப்புறம் மண்ணைக் கிளறினார். தாயின் இடுப்பை ஒட்டி ஒரு கன்று இருந்தது. அதையும் அறுத்து எடுத்தார். ஒரு நூல் வேர்கூட அதோடு வரவில்லை.

கோமதியம்மாள் பதறிப்போய் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"வேண்டாம்மா. அறுத்த இடம் காயணும். ஈரம் பட்டா அழுகிடும்."

"பச்சப்பிள்ளை சாமி! தாகமெடுக்காதா?"

"அதுக்கு வேண்டிய தண்ணி அதுக்குள்ளேயே இருக்கும்மா."

"அப்ப தாய்க்காவது ஊத்தட்டா?"

"தாய்க்கும் கொஞ்ச நாளைக்குக் கிடையாது."

கன்றை ஒரு முறத்தில் வைத்து நிழலில் ஒதுக்கினார்.

"இனி இது உங்க பொறுப்பு. வேர் பிடிச்சதும் கோயம்புத்தூர் போங்க."

கோமதியம்மாள் தோள் பையை இறக்கி வைத்தாள். குரு சொல்லைத் தட்ட முடியுமா? மகளுக்குப் போன் போட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி. இங்க ஒரு கன்னு வேர் விடணும். விட்டதும் வந்துடுதேன்."

"என்னது? எம்மா, உனக்கு என்ன கிறுக்கா?" அழுதுகொண்டிருந்த சங்கரிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அறுத்த இடம் காய்ந்து தோல் கட்டியது. சாமி ஒரு சின்னத் தொட்டியில் மண்ணோடு மணல் கலந்து கன்றை நட்டார். இன்னும் சில நாள் தண்ணீர் காட்டக் கூடாது, அப்புறமும் மண் நன்றாகக் காய்ந்தால்தான் ஊற்றலாம் என்றார். கோமதியம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் மடத்துக்கு ஓடி வந்தாள். ஒரு நாள் அவள் போட்ட கூச்சலில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"சாமி! சாமி! வெள்ளையா ஒரு முனை! வேர் விட்டுருச்சு சாமி!"

"மண்ணுக்குள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

அவள் கையைப் பார்த்தாள். கன்று அவள் கையில்தான் இருந்தது. அந்த வெள்ளை முனை ஒடிந்து தொங்கியது.

"தினமும் பிடுங்கிப் பாக்கீங்களோ?"

"ஒரே ஒரு தடவைதான் சாமி. காலையில." கொஞ்சம் நிறுத்தி, "சாயங்காலமும் ஒரு தடவை" என்றாள்.

சாமி வாய்விட்டுச் சிரித்தார். கன்றை வாங்கி மறுபடி நட்டார்.

"இனிமே கண்ணால மட்டும் பாருங்க."

அதற்குப் பிறகு அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டுதான் தொட்டிப் பக்கமே போவாள். போன வேகத்தில், தொடாமல் இருக்கப் பலம் கொடு ஈஸ்வரா என்று ஒரு கும்பிடு. கன்றில் மாற்றமே தெரியவில்லை. தாய்ச்செடி மட்டும் சாய்வு நிமிர்ந்து நின்றது.

சங்கரியும் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். முதலில் சாம்பார் சரியில்லை என்று அழுதாள். பிறகு அழாமல் திட்டினாள். அப்புறம் வார்டில் ஒரு தாத்தா இவள் கொடுத்தால்தான் மாத்திரை போடுகிறார் என்று பெருமையடித்தாள். போகப் போக, "எம்மா, டூட்டிக்கு நேரமாச்சு, பிறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

கார்த்திகை வந்தது. கோமதியம்மாள் ஓலைக்கொழுக்கட்டைக்குப் பச்சரிசி இடித்து, ஓலை வெட்டி வைத்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாள். பேசி முடித்ததும் நேராக மடத்துக்கு வந்தாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை.

"என்னம்மா?"

"வரமாட்டேங்கா சாமி. திருக்கார்த்திகைக்குக் கூட வரமாட்டேங்கா. அவளே கேட்டு டூட்டி வாங்கிக்கிட்டாளாம். எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேங்கா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாமி ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"அந்தக் கன்னை இழுத்துப் பாருங்க."

"நீங்கதானே தொடக் கூடாதுன்னு சொன்னீங்க!"

"இன்னைக்கு இழுக்கலாம்."

ரெண்டு விரலால் பயந்து பயந்து இழுத்தாள். கன்று அசையவில்லை. கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தாள். தொட்டியே தரையை விட்டு மேலே வந்தது.

கோமதியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள்.

"சாமி! இங்க பாருங்க சாமி! வரமாட்டேங்குது! எவ்வளவு இழுத்தும் வரமாட்டேங்குது!"

அவள் கையில் தொட்டி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சாமி சொன்னார்: "இதையேதாம்மா கொஞ்சம் முன்னாடி அழுதுக்கிட்டே சொன்னீங்க."