ஒரு கைப்பிடி நிலாவரை

"இந்த மூணு பேரோட என்னால மாரடிக்க முடியாது, ஆசானே" என்றாள் மருதி.

ஆசான் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அரைக்கும் கை நிற்கவில்லை.

அந்த வைத்தியசாலை மலைமேல் இருந்தது. கீழே ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் கீழூர். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதம் ஆற்றைக் கடக்க முடியாது. கீழூர்க்காரர்களுக்கு அந்த இரண்டு மாதமும் வைத்தியர் கிடையாது.

அதனால்தான் ஆசான் தன் மாணவர் நால்வரையும் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருந்தார். நாற்பது மூலிகைகள். எது எந்த நோய்க்கு, எப்படிப் பறிப்பது, எவ்வளவு கொடுப்பது என்று ஊர்க்காரர்கள் தாங்களே படித்துச் செய்துகொள்ளும்படி ஒரு சுவடி. நாலு பேரும் சேர்ந்து எழுத வேண்டும். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

ஒரு மாதம் போய்விட்டது. நாற்பதில் நான்கு முடிந்திருந்தது.

"என்ன பண்றாங்க?" என்று கேட்டார் ஆசான்.

"ஆதன் காலையில வர்றேன்னு சொல்லிட்டுச் சாயங்காலம் வர்றான். எங்கடா போனேன்னு கேட்டா சிரிக்கிறான். எயினன் நேரத்துக்கு வந்துடறான், ஆனா ஒரு வரி எழுத விடறதில்ல. 'காலையில் குடிக்கவும்'னு எழுதினா, பல் தேய்க்கறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்கறான். வெள்ளச்சி ஒரு இலையைக் கையில எடுத்தா, அன்னிக்குப் பொழுது பூரா அந்த ஒரு இலைதான்."

"நீ?"

"நான்தான் எழுதறேன். முடிஞ்ச நாலும் நான் எழுதினது."

"சரி. யாரை விலக்கட்டும்?"

மருதி இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், இல்லாவிட்டால் சமாதானம் சொல்வார் என்று நினைத்து வந்திருந்தாள்.

"ஆதனை" என்றாள்.

"அவன் நாளையிலேர்ந்து விறகு வெட்டட்டும்."

ஆதன் சிரித்துக்கொண்டே கோடரியை எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் மருதி திரும்பவும் வந்தாள். "எயினன்" என்றாள்.

எயினன் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். ஏன் மாட்டுக் கொட்டகை, ஏன் சமையற்கட்டு இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

அடுத்த வாரம் வெள்ளச்சி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சரிக்கா" என்றாள். பறித்து வைத்திருந்த தழைகளையெல்லாம் கூடையில் எடுத்து வைத்து, சுவடி எழுதும் கொட்டிலைப் பெருக்கிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனாள். மருதிக்கு மனசு லேசாக உறுத்தியது.

அன்று மாலைக்குள் அந்த உறுத்தல் போய்விட்டது. ஏனென்றால் அன்று ஒரே நாளில் அவள் மூன்று மூலிகை முடித்திருந்தாள்.

எவ்வளவு அமைதி! எழுத்தாணி ஓலையில் கீறும் சத்தம் மட்டும். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பசித்தபோது சாப்பிட்டாள், தோன்றியபோது எழுதினாள். புரட்டாசி பாதிக்குள் நாற்பதும் முடிந்துவிட்டது.

சுவடியைக் கொண்டுபோய் ஆசான் முன் வைத்தாள்.

அவர் ஒரு பகல் முழுக்க அதைப் படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் கீழூர் போவோம்."

மருதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கீழூரில் கொல்லன் காரியின் வீட்டுக்குப் போனார்கள். காரியின் மகளுக்கு ஆறு வயது. மூன்று நாளாக வயிற்றுக்கட்டு. வயிறு கல்லு மாதிரி இருந்தது. குழந்தை முனகிக்கொண்டு கிடந்தது.

ஆசானைக் கண்டதும் காரி ஓடிவந்தான். "நல்ல வேளை வந்தீங்க."

ஆசான் சுவடியை அவன் கையில் கொடுத்தார். "நான் வரலைன்னு வச்சுக்க. ஆறு பெருகிக் கிடக்கு. இதைப் பார்த்து நீயே செய்."

காரிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தான்.

"நிலாவரை இலையா? எங்க ஊர்ல அப்படி ஒரு செடி கிடையாதுங்களே."

மருதிக்குத் திக்கென்றது. இந்த ஊருக்கு வரும் வழியிலேயே அவள் அந்தச் செடியைப் பார்த்திருந்தாள்.

உள்ளேயிருந்து காரியின் மனைவி குரல் கொடுத்தாள். "நிலவாகையைத்தான் சொல்றாங்க. மலைமேல அதுக்கு அந்தப் பேராம். ஆதன் தம்பி போன மாசமே வந்து, எந்தெந்தச் செடிக்கு இங்க என்ன பேருன்னு வீடு வீடாக் கேட்டுட்டுப் போச்சே."

"ஆதனா?" என்றாள் மருதி.

"நெதம் வரும். கேட்டுட்டு, ஒரு சட்டிக் கூழும் குடிச்சுட்டுப் போகும்."

காரி கொல்லைக்குப் போய் இலை பறித்து வந்தான். மறுபடி சுவடியைப் பார்த்தான். *பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி இலை, கொதிநீரில் இட்டு இறுத்துக் கொடுக்கவும்.*

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. காரி கையை இலைக் குவியலுக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினான்.

இருபது வருஷம் சம்மட்டி பிடித்த கை அது.

பானைக்கு மேல் அந்தக் கை போனபோது ஆசான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மருதி, கையை நீட்டு."

நீட்டினாள்.

காரியின் பிடியிலிருந்த இலைகளை அவள் உள்ளங்கையில் கொட்டச் சொன்னார். அவள் கை நிறைந்தது. காரியின் கை இன்னும் காலியாகவில்லை. இலைகள் அவள் விரல்களைத் தாண்டி, கை மேல் வழிந்து, தரையில் விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன.

பேதிக்கான இலை. ஆறு வயசுக் குழந்தை.

மருதியின் காதில் எயினனின் குரல் துல்லியமாகக் கேட்டது.

*யார் கை, அக்கா?*

ஆசான் அளவாக இலை போட்டு, இறுத்து, தன் கையாலேயே குழந்தைக்குக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அது எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டது.

திரும்பி மலை ஏறும்போது மருதியால் பொறுக்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லுங்க, ஆசானே."

"மூச்சு வாங்குது. ஏறி முடிச்சுக்கறேன்."

ஏறி முடித்ததும் அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை மருதி மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"எயினா, வா. சுவடியை முதல்லேர்ந்து பார்க்கணும்."

அவன் சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றியா, வேலைக்கு வரச் சொல்றியா?"

"ரெண்டும்தான்."

"எது முதல்ல?"

மருதிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "தப்புதான் முதல்ல. கை கழுவிட்டு வா."

ஆதனிடம் போனாள். "கீழூருக்குத்தான் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கூழுக்காகத்தான் போறேன்னு திட்டுவியோன்னு..." என்று ஆதன் தலையைச் சொறிந்தான். "கூழும் நல்லாத்தான் இருந்துச்சு."

வெள்ளச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டதும், "இந்தக் கட்டை முடிச்சுட்டு வர்றேன்க்கா" என்றாள். அந்தக் கட்டு முடிய உச்சிப்பொழுது ஆனது. மருதி பக்கத்தில் உட்கார்ந்து தானும் கொஞ்சம் ஆய்ந்தாள்.

அப்புறம் அந்தக் கொட்டிலில் அமைதி என்பதே இல்லை.

மலைமேல் வழங்கும் பேர், கீழூர்ப் பேர் இரண்டும் எழுத வேண்டும் என்றான் ஆதன். எழுதினார்கள். கைப்பிடி என்ற சொல்லே கூடாது என்றான் எயினன். அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் கொட்டாங்கச்சி என்று முடிவாயிற்று. உடனே எயினன், "பெரிய தேங்காயா, சின்னத் தேங்காயா?" என்றான். ஒரே அளவாகத் தேய்த்த கொட்டாங்கச்சி ஒன்றைச் சுவடியோடு சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடலாம் என்றாள் மருதி. அன்றுதான் எயினன் முதல்முறையாக வாயை மூடினான்.

வெள்ளச்சி மெதுவாகத்தான் இருந்தாள். அதை யாராலும் மாற்ற முடியவில்லை. அவள் ஒருத்தியால் மூன்று மூலிகை நின்றுபோயின. மருதி அவளைத் திட்டினாள். திட்டிவிட்டு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டாள்.

முப்பத்தேழு மூலிகைகளோடு சுவடி கீழூர் போய்ச் சேர்ந்தது. அதற்கு மறுநாள் ஆறு பெருகியது.

மிச்சம் மூன்றையும் முடித்தே தீருவது என்று நாலு பேரும் கொட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை கொட்டியது. மழைச் சத்தத்தையும் மீறி அவர்கள் சத்தம் ஆசானின் குடிலுக்குக் கேட்டது.

ஒரு மத்தியானம் மருதி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். முழுக்க நனைந்திருந்தாள்.

ஆசான் கல்வத்திலிருந்து நிமிர்ந்தார். "என்ன, மருதி?"

"பாய் ஒண்ணு இருந்தா குடுங்க, ஆசானே."

"எதுக்கு?"

"எயினன் என்கிட்டக் கோவிச்சுக்கிட்டுத் தாழ்வாரத்துல போய் உட்கார்ந்திருக்கான். அங்க தரை ஈரம்."