எழுதுகிறவளுக்கும் தெரியாத தலைப்பு

ஊமத்தம்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்வது பாவம். இருக்கிறது; தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுத்துப் புழங்குவதில்லை.

அந்த ஊர் மாடத்தியின் மகள் செண்பகவல்லி பன்னிரண்டாவது தேறி, வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் வாங்கியிருந்தாள். ஊரிலிருந்து கல்லூரிப் படி ஏறப்போகிற முதல் பிள்ளை. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பு உங்கள் விருப்பம், ஆனால் வேறு யாரும் எழுதாததாக இருக்கட்டும் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் இடம் கிடையாது.

மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் எழுதாததை இந்தச் சின்னப் பெண் எங்கே போய்த் தேடுவாள்? போதாக்குறைக்குத் தபால்காரர், நல்ல தலைப்பாகக் கிடைத்தால் மூச்சு விடாதீர்கள், அடுத்தவன் எழுதிவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஓடிப்போய் ஊரைக் கூட்டினாள்.

தலையாரி ஐயம்பெருமாள், மழையைப் பற்றி எழுதலாம் என்றார்.

"மழை எல்லா ஊர்லயும்தான் பெய்யுது," என்றார் டீக்கடைச் சங்கிலி.

"அப்போ பெய்யாத மழையைப் பத்தி எழுதட்டும்."

சங்கிலி வெகுநேரம் யோசித்தார். "அதுவும் எல்லா ஊர்லயும்தான் பெய்யாம இருக்கு ஓய்."

கடைசியில் சாமியிடமே விட்டார்கள். ஆளுக்கொரு தலைப்பைச் சீட்டில் எழுதி மடித்து, அய்யனார் காலடியில் குலுக்கிப் போட்டார்கள். பூசாரி ஒன்றை எடுத்தார். மற்றதெல்லாம் வேற்றூர்க்காரன் கையில் சிக்கினால் வம்பு என்று கற்பூரத்தில் கொளுத்தினார்கள். எடுத்த சீட்டைப் பிரிக்கப்போன பூசாரியின் கையைத் தலையாரி எட்டிப் பிடித்துக்கொண்டார். பிரித்தால் இத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே! மடித்தது மடித்தபடி சீட்டு உண்டியலுக்குள் போயிற்று. உண்டியலை இனி ஆடிக் கொடைத் திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள்.

செண்பகவல்லி வந்து, என்ன தலைப்பு என்று கேட்டாள்.

"உங்கிட்ட சொன்னா நீ எழுதிப்புடுவியே தாயி," என்றார் தலையாரி வருத்தத்தோடு. "எழுதினா வெளிய தெரிஞ்சுபோகும்லா?"

மாடத்திக்கு அப்போதுதான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. எழுதப்போகிறவளுக்கே தெரியாத தலைப்பை வேறு எவன் எழுதிவிட முடியும்?

வியாழன் முழுக்க அழுத செண்பகவல்லி, வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தாளை எடுத்து மடமடவென்று எழுதினாள். மாடத்தி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி எழுதுன?"

"எனக்குத் தலைப்பு தேடி ஊரே கூடினதை எழுதினேன்மா. கிடைச்சதை எங்கிட்டயே சொல்லாததையும் எழுதினேன்."

"தெரியாத்தனமா அந்தத் தலைப்பையே எழுதிப்புடலையே?"

"இல்லம்மா."

மாடத்தி அய்யனார் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மாடத்தி உறையைக் கிழிக்கப்போன நேரத்தில் தலையாரி பதறிக்கொண்டு வந்து தடுத்தார். உள்ளே கட்டுரையைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பார்கள், அதில் தலைப்பும் இருக்கும் என்றார். நியாயம்தானே! சங்கிலி உறையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம் என்றார், பிடித்தும் பார்த்தார், எங்கே எழுத்து தெரிந்துவிடுமோ என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கடிதம் அரிசிப் பானைக்குள் போயிற்று. இடம் கிடைத்ததா இல்லையா என்று மாடத்தி நாளுக்கு நாள் இளைத்தாள்.

கல்லூரிக்காரர்கள் செண்பகவல்லியின் செல்லுக்கும் சேதி அனுப்பியிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே சொல்ல வந்தாள். மாடத்தி மகளின் வாயைப் பொத்தினாள். மகள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், மூன்று முறையும் தாய் பொத்தினாள். பிறகு செண்பகவல்லி பெட்டியைக் கட்டினாள்.

திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட ஊரே வந்தது. மாடத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இடம் கிடைச்சுதா இல்லையான்னு போன உடனே ஒரு லெட்டர் போடுட்டி. பெத்த வயிறு தாங்கல."

"போடுதேன்மா."

"பயப்படாம எழுது," என்றாள் மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க பிரிக்க மாட்டோம்."