கலியமூர்த்தியின் இடது கை

பொன்மலை ரயில்வே காலனியில் குத்துச்சண்டை பழக வருகிறவர்கள் கொட்டகைக்குள் நுழைந்ததும் சுவரில் இருக்கிற ஒரு படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாமி படம் இல்லை. தேசிய சாம்பியன் கலியமூர்த்தியின் படம். எதிராளியின் தாடைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவருடைய இடது கை அப்படியே நின்றுவிட்ட படம்.

அன்று சாயங்காலம் ரெஜினா அதைத் தொடவில்லை.

சவரிமுத்து மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து கிளவுஸ் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்னம்மா, அண்ணன்கூடப் பேச்சுவார்த்தை இல்லையா?"

ரெஜினா கையில் நாடாவைச் சுற்ற ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"காலையில தண்ணிக் குழாய்ல சுகந்தி அண்ணியைப் பார்த்தேன் மாஸ்டர்."

சுகந்தி கலியமூர்த்தியின் மனைவி.

"ம்."

"முந்தானையை முகத்துல இழுத்து விட்டுக்கிட்டு நின்னாங்க. காத்துல விலகிடுச்சு. கன்னமெல்லாம் கன்னிப்போயிருக்கு. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னாங்க."

"வழுக்கியிருக்கலாம்ல?"

"வழுக்கி விழுந்தா எங்க வீங்கும்னு எனக்குத் தெரியாதா? அது கீழயிருந்து வளைஞ்சு வந்த அடி. இடது கை. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் கத்துக்கிட்டேன்."

மாஸ்டரின் விரல்கள் கயிற்றில் நின்றுவிட்டன.

பால்குடி மறக்காத பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ரெஜினா முதன்முதலாக இங்கே வந்தபோது எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பல்லைக் காட்டாம அவ காலைப் பாருங்கடா, தரையில எப்படி நிக்குது" என்று அதட்டியவர் கலியமூர்த்திதான். நேற்றுவரை அவரை யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் ரெஜினா சண்டைக்கே போயிருப்பாள்.

"அவ்வளவு பெரிய மனுஷன் எப்படி மாஸ்டர் இப்படி இருக்க முடியும்? ஹைதராபாத் மேட்ச்ல அந்தக் கை தாடைகிட்ட போய் நின்னுச்சே. அன்னிக்கு இருந்த மனசு எங்க போச்சு?"

"ஏன் நின்னுச்சு?"

"எதிராளி கிறங்கிட்டான். பாவம்னு நிறுத்திட்டார்."

"மணி அடிச்சுது. நின்னுச்சு."

ரெஜினா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைக் கழட்டிடவா?"

"படம் எங்கயும் ஓடிடாது. முதல்ல அந்தக் கொக்கியில தொங்குறதைக் கழட்டு."

கொக்கியில் தொங்கியது மணி. மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டுதான். கம்பியால் ஒரு தட்டு தட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும். ரவுண்டு தொடங்கவும் முடியவும் இத்தனை வருஷமாக அதுதான் பேசிக்கொண்டிருந்தது.

கம்பியையும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் அவர்களைப் பார்த்ததும் கலியமூர்த்தி ஓடி வந்தார்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே மாஸ்டர்." ஒற்றைக் கையால் அதை வாங்கிக்கொண்டார். "எங்க வைக்கணும்?"

"உன் வாசல்ல மாட்டு."

மாஸ்டர் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி, தன் வீட்டு வாசல் உத்தரத்தில் தானே மாட்டினார். இறங்கின பிறகுதான் கேட்டார்.

"எதுக்கு மாஸ்டர் இது?"

சுகந்தி டீ கொண்டுவந்தாள். முகத்தில் பாதி முந்தானைக்குள் இருந்தது. மாஸ்டர் அந்தப் பாதியையே பார்த்தார். கலியமூர்த்தி தன் டம்ளருக்குள் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய சின்ன மகள் ஸ்டூலில் ஏறி, கம்பியை எடுத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

கலியமூர்த்தியின் இரண்டு கைகளும் சட்டென்று கீழே இறங்கின. டம்ளர் தரையில் உருண்டது. டீ அவர் காலெல்லாம் தெறித்தது. பிள்ளை சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு ஃபிட்டர் துண்டோடு வெளியே வந்தார். "என்ன மாஸ்டர், இங்க மேட்சா?"

"தினமும் நடக்குற மேட்ச்தான். இதுவரைக்கும் மணி இல்லாம நடந்துச்சு."

ஃபிட்டர் சுகந்தியைப் பார்த்தார். துண்டை மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

கலியமூர்த்தி குனிந்து டம்ளரை எடுத்தார். "வேணும்னு செய்யறதில்ல மாஸ்டர். கை தானா போயிடுது."

"அதான்டா எனக்குப் பயமா இருக்கு."

சுகந்தி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "நான் மணிகிட்ட போய்ச் சேரணுமே மாஸ்டர். அதுவரைக்கும் விட்டாத்தானே?"

ரெஜினா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என் வீடு மூணாவது வீடு, அண்ணி. மணி அடிக்க முடியலைன்னா கத்துங்க. கத்தவும் முடியலைன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்துடுங்க. கதவைத் தாழ் போடாம வைக்கிறேன்."

சொல்லும்போது அவள் கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார். அது தரையில் நன்றாக ஊன்றி நின்றிருந்தது.

அன்று ராத்திரி மணி கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ரெஜினா தன் பிள்ளையை அணைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். சுகந்தி அங்கே இருந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. 'ஒன்றுமில்லை' என்று தலையை மட்டும் அசைத்தாள்.

சாயங்காலம் கொட்டகையில் கொக்கி வெறுமையாக இருந்தது. படம் அதன் இடத்திலேயே இருந்தது.

"மணிக்கு என்ன மாஸ்டர் பண்றது?"

"பார்த்துக்கலாம். ஆரம்பி."

மாஸ்டர் குத்து வாங்குகிற பேடுகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு நின்றார். ரெஜினா அடித்தாள். வலது, வலது, இடது. சுகந்தியின் கன்னம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. இடது கை தானாக வளைந்து வளைந்து போனது. இன்னும் வேகமாக அடித்தாள். மூச்சு இரைத்தது, தோள் கனத்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பேடை இறக்கவும் இல்லை.

இன்னொரு இடது கை கிளம்பியது. அப்போதுதான் பேடுக்குப் பின்னால் மாஸ்டரின் மணிக்கட்டு பின்னால் மடங்கிப்போவதைப் பார்த்தாள். கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நேரம் ஆகலையா மாஸ்டர்?"

"எப்பவோ ஆயிடுச்சு."

"சொல்லியிருக்கக் கூடாதா? கை எப்படி வீங்கிப்போச்சு பாருங்க."

மாஸ்டர் பேடைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கலியமூர்த்திக்கு நேரம் ஆச்சுன்னு எப்பவும் நான்தாம்மா சொன்னேன். அவனா நிறுத்தப் பழகவே இல்ல."